கொக்குக் கத்தி

கொய்யாப்பழத்தைக் கடித்துத் தின்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பழம் என்றால் அறுத்துத் தின்ன வேண்டும். நாலாக வகுந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு துண்டு வைத்துவிட்டுத் தின்ன வேண்டும். நேற்று உங்கள் ஸ்டேஷன் வாசலில் ஒரு காவலர் முழுப் பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். என் கை தன்னால் பேண்ட் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. கத்தி உங்கள் மேஜை டிராயரில், சீல் வைத்த கவரில் இருக்கிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஐயா, நீங்கள் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இளநீர் வண்டிக்காரர் அமீர் ஹம்சா வாய்க்காலில் குதித்து என் காருக்குள் தலையை விட்டபோது, டேஷ்போர்டின் மேல் ஒரு மடக்குக் கத்தி அலகு விரித்தபடி இருந்திருக்கிறது. அதை எடுத்துத்தான் அவர் பக்கத்து சீட்டில் இருந்த நஞ்சப்பனின் சீட் பெல்ட்டை அறுத்திருக்கிறார். இரண்டே இழுப்பில் அறுந்துவிட்டதாம். அப்படியானால் நஞ்சப்பன் உயிரோடு இருந்தபோது அது ஏன் அறுபடவில்லை என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்து நான் கொடுத்த வாக்குமூலத்தில், கத்தியைக் கொடுத்தேன், அவனால் அறுக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒரு வரியில் சொன்னது போதாது. அதனால்தான் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. காபிகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

என் பெயர் வரதராஜுலு. வயது ஐம்பத்தெட்டு. கணபதியில் மோட்டார் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருந்தேன், இப்போது மகன் சசிதர் பார்த்துக்கொள்கிறான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு வம்பு தும்புக்கும் போகாதவன் என்று எங்கள் வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே ஒரு கிறுக்கு உண்டு. மடக்குக் கத்தி சேர்ப்பேன்.

என்னிடம் நாற்பத்தொரு கத்திகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே ஜாதி. எருமைக்கொம்புப் பிடி, பித்தளைக் கழுத்து, ஒற்றை அலகு. அலகின் முனை கொக்கு மூக்குபோல லேசாகக் கீழே வளைந்திருக்கும். அதனால் கொக்குக் கத்தி என்போம். மூடும்போது பிடிக்குள் இருக்கும் வில்லு இழுத்து டொப்பென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் கத்தியின் வயதைச் சொல்லலாம். இது மாட்டுக்காரர்களின் கத்தி. கட்டுத்தறியில் மாடு கயிற்றைச் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகிவிட்டால் முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது. வளைந்த மூக்கைக் கயிற்றுக்குள் விட்டு ஓர் இழுப்பு இழுத்தால் போதும், தோலில் கீறல்கூட விழாது. அதற்காகவே செய்த கத்தி.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்களுக்குப் பண்ணையம் இருந்தது. அப்பாவின் இடுப்பில் எப்போதும் ஒரு கொக்குக் கத்தி இருக்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் அது காணாமல் போனது. கட்டுத்தறி வேலை பார்த்த மாசாணத்தின் மேல் சந்தேகம் வந்தது. அவனைக் களத்து மேட்டுத் தென்னைமரத்தில் கட்டிவைத்தார்கள். காலையில் கட்டியது, பொழுது சாயத்தான் அவிழ்த்தார்கள். அந்தக் காலம் அப்படி. அப்பா கெட்டவர் இல்லை, அடிக்கவில்லை, கட்டித்தான் வைத்தார். அவிழ்த்துவிட்ட பிறகு ஒரு படி ராகியும் கொடுத்தனுப்பினார். கத்தி மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த மாசாணத்தின் மகன்தான் நஞ்சப்பன்.

பண்ணையம் போய், நாங்கள் கோயமுத்தூருக்குக் குடிவந்து, எத்தனையோ வருடம் கழித்து அவனை என் பட்டறையில் பார்த்தேன். மின்சார வாரியத்தில் வயர்மேன் ஆகியிருந்தான். புது மீட்டர் பொருத்த வந்தவன், என் கையில் இருந்த கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றான். கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக்கூட மறந்துவிட்டான். ஆசைப்படுகிறான் என்று நினைத்தேன். அது ஆடி மாதம், அந்தியூர் மாட்டுச் சந்தை கூடும் சமயம். அங்கே பழைய கத்திகள் வரும். வருகிறாயா நஞ்சப்பா என்றேன். சரிங்க என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது, முப்பது வருடம்.

எனக்குச் சொந்தபந்தம் நிறைய. சினேகிதன் என்று இருந்தது அவன் ஒருவன்தான். அந்தியூர், கன்னபுரம், பொள்ளாச்சிச் சந்தை என்று நாங்கள் இருவரும் சுற்றாத இடம் இல்லை. அவன் காது எனக்கு வராது. கத்தியை விரித்து மூடிப் பார்த்துவிட்டு, இது வில்லு மாத்துனதுங்க என்று சொல்லிவிடுவான். நான் இரண்டு வாங்கினால் ஒன்றை அவனிடம் கொடுத்துவிடுவேன். அப்படி அவனிடமும் இருபத்துமூன்று சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான். போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்திகளுக்கு எண்ணெய் போடுவோம். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டான், கூச்ச சுபாவம். என் மனைவி ராமாமணி அவனுக்குக் காபியை வெளியே கொண்டுவந்து வைப்பாள்.

என்னைச் சின்னவருங்க என்றுதான் கூப்பிடுவான். அப்பா பெரியவர், நான் சின்னவர். அதெல்லாம் எதற்கு, பெயர் சொல்லு என்று ஒரு தடவையோ இரண்டு தடவையோ சொல்லிப் பார்த்தேன். சிரிப்பான். எனக்கும் அது பழகிவிட்டது. அதில் ஒரு பாசம் தெரிந்தது. அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உப்பும் அப்படித்தான். கொடுத்தால் இருவருக்குள் பகை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் நான் மிகவும் கண்டிப்பு. வீட்டில் ராமாமணிக்குக் காய் அரியும் கத்தியைக்கூட மேடைமேல் வைத்துத்தான் கொடுப்பேன். நஞ்சப்பனுக்கும் அப்படியே, ஸ்டூல்மேல் வைப்பேன், எடுத்துக்கொள்வான். ஒருமுறை எடுத்துக்கொண்டே சொன்னான்.

"எங்கய்யனுக்கு உங்க ஊட்டுல சோத்தையும் இப்படித்தாங்க வெப்பாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. இது சாஸ்திரம் நஞ்சப்பா, அது வேறு இது வேறு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சரிங்க என்றான். பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் எனக்குப் பல நாள் அது மனதில் கிடந்து உறுத்தியது. எப்படி அவனால் அப்படி நினைக்க முடிந்தது என்று.

இந்த வருடம் அவன் போர்மேனாக ஓய்வு பெற்றான். அவனுக்கு என்ன கொடுப்பது என்று ஒரு மாதம் யோசித்தேன். கடைசியில் நாற்பத்தொன்றில் சேராத ஒரு கத்தியை எடுத்தேன். அப்பாவின் கத்தி.

ஆமாம் ஐயா, காணாமல் போனதே, அதுதான். அது அன்றைக்கு என் டவுசர் பாக்கெட்டில் இருந்தது. திருட வேண்டும் என்று எடுக்கவில்லை. புளியங்குச்சி சீவ எடுத்தேன். திரும்ப வைப்பதற்குள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மாசாணத்தைக் கட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். எடுத்து நீட்டியிருக்கலாம். அப்பா தோலை உரித்துவிடுவார் என்று பயம். பத்து வயதில் யாருக்குத்தான் பயம் இருக்காது. சாயங்காலம் எப்படியும் அவிழ்த்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவிழ்த்தும்விட்டார்கள்.

வெளியில் சொல்லவில்லையே தவிர, அது எனக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது. நஞ்சப்பனோடு சந்தை சந்தையாகச் சுற்றியதும், அவனுக்குக் கத்தி கத்தியாக எடுத்துக் கொடுத்ததும் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கத்தியையே அவனிடம் சேர்த்துவிட்டால் என் மனசு முழுசாக லேசாகிவிடும் என்று தோன்றியது. விவரம் எதுவும் சொல்லாமல் மஞ்சள் துணியில் சுற்றி ஸ்டூல்மேல் வைத்தேன். பிரித்துப் பார்த்தான். விரித்தான், மூடினான். நல்லா இருக்குதுங்க என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சசிதர் பிறந்தபோதுகூட இருந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து உடுமலைப் பக்கமிருந்து மாட்டுத் தரகர் அங்கப்பன் போன் செய்தார். ஒரு பழைய கொக்குக் கத்தி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். நஞ்சப்பனுக்குச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினான். பிறகு, வாரனுங்க, உங்ககிட்டப் பேசவும் வேண்டியிருக்குதுங்க என்றான். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். காரில் ஏறியதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். அவன் எதிலும் சட்டப்படி நடக்கிறவன். எனக்கு அது கழுத்தை இறுக்கும், மாட்டமாட்டேன்.

பொள்ளாச்சி தாண்டி வாய்க்கால் கரை ரோட்டில் போகும்போது, அவன் சட்டைப்பையிலிருந்து அந்த மஞ்சள் துணியை எடுத்து கியருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது எங்கூட்டுல வேண்டாமுங்க. கோவிச்சுக்கப்படாது."

ஏன் என்றேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கு இது உங்க டவுசர்ப் பையில இருந்துச்சுன்னு எங்கய்யனுக்குத் தெரியுமுங்க. பித்தளை வெளிய தெரிஞ்சுதாம். சொன்னா உங்களைப் போட்டு அடிச்சிருவாங்கன்னு சொல்லலையாமுங்க. சின்னப் பையன், பாவம்னு உட்டுட்டாராமுங்க."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். வேகம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உனக்கு எப்போது தெரியும் என்றேன். அன்னைக்கே தெரியுமுங்க என்றான். அவன் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட விடாமல் அவனை விரட்டிவிட்டார்களாம், அந்தியில் வீட்டுக்கு வந்து மாசாணம் சொன்னதாம். அப்புறம் ஏன் முப்பது வருடம் என்னோடு வந்தாய் என்று கேட்டேன். இதை நான் கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க கூப்பிட்டீங்க, வந்தனுங்க. மாட்டேன்னு சொல்லிப் பழக்கமில்லீங்களே எங்களுக்கு. எனக்குக் கத்தின்னாலே ஆகாதுங்க. மொதல்ல இருந்தே. இப்பத்தான் பொண்ணு சொல்லுச்சு, இனியாச்சும் புடிக்காததைச் செய்யாதீங்கப்பான்னு."

மற்ற இருபத்துமூன்றையும் அவனோடு வேலை செய்த லைன்மேன்களுக்குக் கொடுத்துவிட்டானாம். ஒயர் சீவ நன்றாக இருக்கிறதாம். இதையும் சொன்னான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. என் மேல் வருத்தமே இல்லை என்றான். இறக்கி வைத்துவிட்டவன்போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். என் நெஞ்சு உடைந்துபோயிற்று ஐயா. இத்தனை வருடமும் என் போர்ட்டிகோவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தபோதெல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருந்தது என் டவுசர் பாக்கெட்டைத்தானா? அவன் மகளுக்கும் தெரியும். வீட்டில் வைத்து என்னைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்? நான் மஞ்சள் துணியை எடுத்து என் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

மயில் குறுக்கே வந்தது உண்மை. அதை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குத் தோப்பு மயில். பெரிய ஆண் மயில், தோகையை இழுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தது. ஒடித்துத் திருப்பினேன். கரை ஓரம் மண் சரிந்து கார் இடது பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலில் இறங்கிவிட்டது. தண்ணீர் விட்டிருந்த சமயம், வாய்க்கால் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

என் பக்கம் மேலே இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே வந்து கதவின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவன் பக்கம் கீழே, தண்ணீர் மார்புவரை இருந்தது. இடது கை நசுங்கிய கதவில் மாட்டிக்கொண்டது. வலது கையால் பெல்ட் பூட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தான், அவன் பாரம் முழுக்க அதில் தொங்கியதால் திறக்கவில்லை. கார் சேற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

"வரதராசு, கத்தியக் கையில குடு."

கத்தவில்லை. கம்பத்தின்மேல் இருக்கும்போது கீழே நிற்கும் லைன்மேனிடம் கட்டிங்பிளேயரைக் கேட்பதைப்போலச் சாதாரணமாகச் சொன்னான். நான் துணியைப் பிரித்து, ஒரு கையால் விரிக்க அவனால் முடியாதே என்று நானே அலகை விரித்தேன். குனிந்து, ஸ்டியரிங்கைத் தாண்டி, டேஷ்போர்டின் என் பக்கத்து மூலையில், வழுக்காத இடமாகப் பார்த்து வைத்தேன். பழக்கம் அது. கத்தியைக் கையில் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

அவன் எட்டிப் பார்த்தான். நாலு விரற்கடை குறைந்தது. இன்னொரு முறை தோளைத் தூக்கி எட்டினான்.

"எட்டல. கையில குடு."

நான் கொடுத்துவிட்டேன் நஞ்சப்பா, எடுத்துக்கொள் என்றேன். அதற்குப் பிறகு அவன் எட்டவில்லை. நீட்டிய கையை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கத்தியிலிருந்து அவன் கைக்கு இருந்த தூரம் எனக்குத் தெரியும். பட்டறைக்காரன், கண்ணாலேயே அளப்பேன். நான் கொஞ்சம் குனிந்து அதை நகர்த்தியிருக்கலாம். நானே இறங்கி அறுத்திருக்கலாம், இரண்டு இழுப்பு வேலை. அமீர் ஹம்சா தோப்பிலிருந்து ஓடி வர ஆறு நிமிடம் ஆகியிருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த ஆறு நிமிடமும் நான் கதவின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அமீர் ஹம்சா என் குரலைக் கேட்டு வரவில்லை, நான் யாரையும் கூப்பிடவில்லை. கார் விழுந்த சத்தம் கேட்டு வந்தார். தண்ணீர் நஞ்சப்பனின் தாடைக்கு வந்ததையும், உதட்டுக்கு வந்ததையும், அவன் தலையைப் பின்னால் சாய்த்து மூக்கை மேலே வைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அவன் கண்ணை மூடவில்லை. நஞ்சப்பனைக் கொன்றது நான்தான். மயில் இல்லை, தண்ணீர் இல்லை.

காரியத்துக்குப் போயிருந்தேன். அவன் மகள் சண்முகப்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா அங்கிள் என்று கேட்டாள். ஒண்ணும் சொல்லலை கண்ணு என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவளுக்கு இதைப் படித்துக் காட்டுவதானால் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போதும் போர்ட்டிகோவில் இரண்டு நாற்காலி போடுகிறேன். ராமாமணி ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறாள். நாற்பத்தொரு கத்திக்கும் எண்ணெய் போட ஆள் இல்லை. அவன் இல்லாமல் எனக்குப் பொழுது விடிவதே பாரமாக இருக்கிறது. இதை நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, உண்மை.

ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். அவனை நான் ஒருநாளும் என்னைவிடக் கீழாக நினைத்ததில்லை. கூடப் பிறந்தவனைப்போலத்தான் வைத்திருந்தேன். அவன் கேட்டிருந்தால் நிச்சயமாகக் கையில் கொடுத்திருப்பேன், ஐயா. அவன் கேட்கவில்லை. உத்தரவு போட்டான்.